கிளினிக் ஓடாதவன்தான் அரசியலுக்கு வருவானா? (பல் டாக்டர்கள் பற்றி ஒரு சண்டை)

ஜூன் 3, ஒரு வாசகரின் கேள்வி

ஒரு பல் டாக்டர் அரசியலுக்கு வருகிறார் என்றாலே கிளினிக் ஓடவில்லை என்றுதான் அர்த்தம். ஓடுகிற கிளினிக்கை விட்டுவிட்டு எவன் வருவான்? வக்கீல் வருவதில் ஒரு நியாயம் இருக்கிறது, சட்டம் படித்தவன். பல் பிடுங்குகிறவனுக்கு நாட்டைப் பற்றி என்ன தெரியும்? டாக்டர், நீங்களும் அந்தத் தொழில்தானே, மறுக்க முடியுமா?

ஜூன் 3, இரவு 10.20

முடியும். ஒரு பெயர் போதும்: செட்டி ஜகன். தென் அமெரிக்காவில் அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த கயானாவில், கரும்புத் தோட்டத்தில் 1918-இல் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் ஒப்பந்தக் கூலிகளின் கைக்குழந்தைகளாகக் கப்பலில் வந்து இறங்கியவர்கள். அமெரிக்கா போய், படிப்புச் செலவுக்கு லிஃப்ட் இயக்கும் வேலை வரை பார்த்து, 1942-இல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் முடித்தார். மறு வருடம் திரும்பி வந்து ஜார்ஜ்டவுனில் கிளினிக் போட்டார். 1947-இல் சட்டசபைக்குள் போனார். 1950-இல் கட்சி தொடங்கினார். 1953 தேர்தலில் 24 இடத்தில் 18 அவர் கட்சிக்கு.

133 நாள்தான் விட்டார்கள். சர்ச்சில் அரசு போர்க்கப்பலும் படையும் அனுப்பி அரசியல் சட்டத்தையே நிறுத்தி வைத்தது. கிளினிக் ஓடாத ஒருவருக்குப் பயந்தா போர்க்கப்பல் வரும்?

ஜூன் 3, இரவு 10.35

ஒன்று விட்டுப்போனது. அவர் மனைவி ஜேனட், சிகாகோக்காரர். கயானா வந்து பத்து வருடம் கணவரின் கிளினிக்கில் உதவியாளராக இருந்தார். பின்னாளில் கணவர் ஜனாதிபதி ஆனார், 1997-இல் அவரும் ஆனார். ஒரே டென்டல் சேரின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் இருவரும் நாட்டை ஆண்டிருக்கிறார்கள்.

ஜூன் 4, காலை 6.50

"ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசாதீர்கள், துர்க்மெனிஸ்தானைப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை.

குர்பான்குலி பெர்திமுகமதோவ். 1979-இல் பல் மருத்துவப் பட்டம். ஜனாதிபதி நியாசோவின் பல்லைப் பார்த்தவர். 1997-இல் சுகாதார அமைச்சர், 2001-இல் துணைப் பிரதமர். அவர் அமைச்சராக இருந்தபோதுதான் சுமார் 15,000 மருத்துவப் பணியாளர்களை நியாசோவ் வீட்டுக்கு அனுப்பினார். அதற்கு அடுத்த வருடம், 2005-இல், தலைநகருக்கு வெளியே உள்ள மருத்துவமனைகளை மூடச் சொன்னார். ஒரு டாக்டர் அதற்குத் தலையாட்டியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு என்னால் சமாதானமாக இருக்க முடியவில்லை.

2006 டிசம்பரில் நியாசோவ் இறந்தார். சட்டப்படி சபாநாயகர்தான் இடைக்கால ஜனாதிபதி ஆக வேண்டும். அவர் கைதானார். பல் டாக்டர் "இடைக்காலமாக" உட்கார்ந்தார். எழுந்தது 2022-இல், அதுவும் மகனை உட்கார வைத்துவிட்டு.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் தற்காலிக அடைப்பு. இரண்டு வாரம் என்று சொல்லி வைப்போம். சிலர் வாயில் அது பதினைந்து வருடம் இருக்கும், அதுவே நிரந்தரம் என்று பல்லும் நம்பிவிடும்.

ஜூன் 4, பகல் 1.15

சாப்பாட்டு இடைவேளையில் ஒரு துணுக்கு. 2004-இல் தங்கப் பல் கட்டிய ஒரு மாணவியைப் பார்த்து நியாசோவ், தங்கப் பல் எல்லாம் வேண்டாம், பல் உறுதியாக இருக்க நாய்க்குட்டிபோல எலும்பைக் கடியுங்கள் என்கிற அர்த்தத்தில் அறிவுரை சொன்னார். பக்கத்தில் ஒரு பல் டாக்டரை அமைச்சராக வைத்துக்கொண்டு! அந்த டாக்டர் பிறகு ஜனாதிபதியாகி, 2015-இல் குதிரை மேல் உட்கார்ந்த தன் சிலையை நிறுவினார். 21 மீட்டர் உயரம், தங்கத் தகடு போர்த்தியது. ஊரார் பல்லில் கூடாத தங்கம் முழு உடம்புக்கும் ஆகுமாம்.

ஜூன் 5, இரவு 9.05

"நீங்கள் ஒரு தடவை சங்கத் தேர்தலில் நின்றீர்களே, அதை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டவருக்கு: சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

முதலில் "நாட்டைப் பற்றி என்ன தெரியும்" என்ற கேள்விக்கு வருகிறேன். முப்பது வருடமாக வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் தன் வருமானத்தைப் பற்றிப் பொய் சொல்லலாம், கடவாய்ப் பல் சொல்லாது. எந்த வயதில் வலி வந்தது, எப்போது கையில் காசு இருந்து அடைத்தார், எப்போது இல்லாமல் பிடுங்கிக்கொண்டார், எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரே தெருவில் ஒரே வயதுள்ள இருவரில் ஒருவருக்கு மூன்று கேப், மற்றவருக்கு மூன்று ஓட்டை. பற்றாக்குறையைப் பற்றி யாரும் எனக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று கைகள். நோயாளி வாயால் "வலிக்கலை டாக்டர்" என்பார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்திருக்கும். நான் விரல்களைத்தான் நம்புவேன். மேடை போட்டுப் பேசுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூன் 5, இரவு 11.40

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் தற்பெருமை. அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாயில் கண்ணாடியை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கிற பல் டாக்டர் நகைச்சுவை எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்லி வெறுப்பேற்ற மாட்டேன். ஆனால் முப்பது வருடம் பதில் பேச முடியாதவர்களிடமே பேசி வந்தவனுக்கு ஒரு வியாதி வந்துவிடுகிறது: தன் பேச்சை யாரும் இடைமறிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. என் வீட்டில் கேளுங்கள்.

டெக்சாஸ் மாநிலக் கல்வி வாரியத்துக்கு 2007 முதல் 2009 வரை தலைவராக இருந்த டான் மெக்லிராய் ஒரு பல் டாக்டர். பள்ளிப் பாடத்தில் பரிணாமக் கொள்கை வருவதைப் பிடிக்காதவர். நிபுணர்களை எதிர்த்து யாராவது நிற்கத்தான் வேண்டும் என்று கூட்டத்திலேயே சொன்னார். இணையத்தில் படித்துவிட்டு வந்து "ரூட் கெனால் தேவையில்லை" என்று வாதாடும் நோயாளியிடம் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க ஆசை.

ஜூன் 6, காலை 7.10

திருத்தம். வேறொரு இழையில் பிரேசில் துணை ஜனாதிபதி ஆல்க்மினைப் பல் டாக்டர் கணக்கில் சேர்த்திருந்தேன். தவறு. அவர் மயக்க மருந்து டாக்டர். மரத்துப்போக ஊசி போடுவது இரண்டு பேருக்கும் பொது, அதில் குழம்பிவிட்டேன்.

பிரேசிலுக்கு உண்மையான ஆள் வேறு ஒருவர் இருக்கிறார்: டிராடென்டெஸ். பெயருக்கே "பல் பிடுங்கி" என்று அர்த்தம். கல்லூரியில் படித்தவர் அல்ல, படையில் சின்னப் பதவி, கைத்தொழிலாகப் பல் பிடுங்கினார். போர்த்துகல் ஆட்சிக்கு எதிராக மினாஸ் ஜெரைஸில் 1789-இல் நடந்த சதியில் சேர்ந்தார். 1792 ஏப்ரல் 21-இல் ரியோவில் தூக்கிலிட்டார்கள். இன்று அந்த நாள் அங்கே தேசிய விடுமுறை. பதவி எதுவும் வகிக்கவில்லை, ஆகவே நம் கணக்கில் வரமாட்டார். ஆனாலும் விட மனம் வரவில்லை.

ஜூன் 6, இரவு 8.30

இன்று முழுக்க மனதில் ஓடியவர் எக்டர் காம்போரா. அர்ஜென்டினாக்காரர், 1909-இல் பிறந்தவர், கொர்டோபாவில் பல் மருத்துவம் படித்து சிற்றூரில் கிளினிக் நடத்தியவர். அந்த நாட்டு ஜனாதிபதியாக இருந்த பெரோனின் விசுவாசி. எவ்வளவு விசுவாசி என்றால், பெரோன் மணி கேட்டால் "நீங்கள் எத்தனை என்று சொல்கிறீர்களோ அத்தனை, தளபதி" என்பாராம். இது ஊர்க்கதை, நடந்ததா என்று கேட்காதீர்கள்.

1973 தேர்தலில் பெரோன் நிற்க முடியாதபடி ராணுவ அரசு விதி போட்டிருந்தது. அதனால் காம்போராவை நிறுத்தினார்கள். கோஷமே "ஆட்சி காம்போராவுக்கு, அதிகாரம் பெரோனுக்கு". ஜெயித்து மே 25-இல் பதவி ஏற்றார். முதல் ராத்திரியே அரசியல் கைதிகள் விடுதலை. ஜூனில் பெரோன் நாடு திரும்பினார். ஜூலை 13-இல் காம்போரா ராஜினாமா. மொத்தம் 49 நாள்.

இவரும் தற்காலிக அடைப்புதான். ஆனால் நேரம் வந்ததும் எடுக்க விட்ட அடைப்பு. நேற்று முன்தினம் துர்க்மெனிஸ்தான்காரரைப் பற்றி எழுதியபோது, ஒரு பெரிய மனிதரின் நிழலில் வளர்ந்த பல் டாக்டர் எல்லாம் ஒரே ரகம் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அதை இப்போது மாற்றிக்கொள்கிறேன்.

ஜூன் 6, இரவு 9.00

ஒருவர் சரியாகக் கேட்டார்: "49 நாளில் எழுந்தது பெருந்தன்மையா, பயமா?" இரண்டும் இருக்கலாம். விசுவாசத்துக்கு அவர் கொடுத்த விலையையும் பாருங்கள். பெரோனின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்த 1955-க்குப் பிறகு சிறை, 1957-இல் தெற்குக் கோடிச் சிறையிலிருந்து தப்பி சிலிக்கு ஓட்டம். 1976 கவிழ்ப்புக்குப் பிறகு புவனோஸ் அய்ரெஸில் மெக்சிகோ தூதரகத்துக்குள் தஞ்சம், மூன்று வருடத்துக்கு மேல் வெளியே கால் வைக்க முடியவில்லை. புற்றுநோய் என்று உறுதியான பிறகுதான் நாட்டை விட்டுப் போக விட்டார்கள். 1980-இல் மெக்சிகோவில் இறந்தார். எழுந்து போனதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை.

ஜூன் 8, இரவு 10.10

சங்கத் தேர்தல் கதை. இனி தள்ளிப்போட முடியாது, மூன்று பேர் கேட்டாகிவிட்டது.

பல வருடம் முன்னால் எங்கள் தொழில் சங்கத்தில் செயலாளர் பதவிக்கு நின்றேன். கிளினிக் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, முதல் கேள்வி கேட்டவர் குறித்துக்கொள்ளவும். ஏன் நின்றேன்? எல்லோரும் சொல்வது போலத்தான், "நண்பர்கள் வற்புறுத்தினார்கள்". உண்மையில் யாரும் வற்புறுத்தவில்லை. ஒருவர் ஒரு தடவை கேட்டார், நான் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி சரி என்றேன்.

சாயங்காலம் எல்லாம் ஓட்டுக் கேட்கப் போய்விடுவேன். அப்பாயின்ட்மென்ட்டுகளைத் தள்ளி வைக்கச் சொன்னேன். அப்போது ஒரு அம்மாவுக்குக் கீழ்க் கடவாய்ப் பல்லில் ரூட் கெனால் பாதியில் இருந்தது. நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து, உள்ளே மருந்து வைத்து, மேலே தற்காலிக அடைப்பு. இரண்டு வாரத்தில் வந்து முடித்துக் கேப் போட வேண்டும். அவர் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் அடுத்த வாரம் என்று சொல்லச் சொன்னேன். ஐந்து வாரமோ ஆறு வாரமோ ஆனது. அடைப்பு தேய்ந்து, ஒரு நாள் எதையோ கடித்தபோது பல் வேர் வரைக்கும் பிளந்துவிட்டது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. நல்ல பல். நானே பிடுங்கினேன்.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்து போகும்போது "எலக்ஷன் என்ன ஆச்சு டாக்டர்?" என்று கேட்டார். பஞ்சைக் கடித்துக்கொண்டு கேட்டதால் முதலில் எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டார். பதினொரு ஓட்டில் தோற்றிருந்தேன்.

ஜூன் 9, காலை 6.30

நேற்றைய குறிப்புக்கு வந்த ஆறுதல்கள் வேண்டாம். அந்தப் பல் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை.

ஜூன் 9, இரவு 9.45

சரி, அப்படியானால் இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள்?

பிரிட்டனில் சர் பால் பெரெஸ்ஃபோர்ட், நியூசிலாந்தில் பிறந்தவர். 1992 முதல் 2024 வரை எம்.பி. அந்தக் காலத்திலும் பகுதி நேரமாகப் பல் பார்த்தார். எம்.பி.க்கு இரண்டாவது வேலை எதற்கு என்று அங்கே சண்டை வரும்போதெல்லாம் அவர் பெயர் அடிபடும். முன்பு நானும் அந்தச் சண்டையில் அவருக்கு எதிர்ப்பக்கம். இப்போது நிச்சயமில்லை. வாரத்தில் ஒரு சில மணி நேரமாவது யாராவது ஒருவரின் வலிக்கு நேராக நிற்கிற எம்.பி. இருப்பதில் தப்பில்லையே. ஆனால் அவருடைய நோயாளியாக நான் இருந்தால், சபையில் முக்கியமான ஓட்டெடுப்பு இருக்கிற நாளில் போகமாட்டேன்.

திரிபுரா முதல்வர் மாணிக் சாஹா வாய் முக அறுவை சிகிச்சை நிபுணர். பாட்னாவில் பி.டி.எஸ்., லக்னோவில் எம்.டி.எஸ்., பிறகு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். 2022 மே மாதம் முதல்வரானார். 2023 ஜனவரியில், தான் பாடம் நடத்திய அதே கல்லூரிக்குப் போய்ப் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு வாய்க்கட்டி அறுவை செய்தார். பிப்ரவரியில் தேர்தல். இதில் எது டாக்டர், எது வேட்பாளர் என்று பிரிக்க நான் முயன்றுவிட்டுக் கைவிட்டேன். பையனுக்குக் கட்டி போயிற்று, அது நிஜம். ஏழெட்டு மாதம் கத்தி தொடாத கை நடுங்கியிருக்காதா என்பதுதான் என் தொழில் புத்திக்கு முதலில் தோன்றியது. இரண்டு வார விடுமுறைக்குப் பிறகு என் கையே முதல் நாள் அந்நியமாக இருக்கும்.

ஜூன் 9, இரவு 10.00

"ஆல்வியை மறந்துவிட்டீர்கள்." மறக்கவில்லை. பாகிஸ்தானின் ஆரிஃப் ஆல்வி, 2018 முதல் 2024 வரை ஜனாதிபதி. லாகூரில் படித்து, மிச்சிகனில் பல் கட்டும் துறையில் மேல்படிப்பு, சான் பிரான்சிஸ்கோவில் பல் சீரமைப்பு. அவருடைய அப்பாவும் பல் டாக்டர், நேருவுக்குப் பல் பார்த்தவர் என்று அவர் வாழ்க்கைக் குறிப்பில் இருக்கிறது. 1969-இல் ராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவராக ஊர்வலம் போனபோது சுடப்பட்டார், குண்டு வலது கையிலேயே தங்கிவிட்டது. வலது கையில் குண்டோடு பல் சீரமைப்புக் கம்பி முறுக்கியிருக்கிறார் என்பதை எங்கள் ஆட்கள் நின்று யோசிப்பார்கள்.

அந்த நாட்டில் ஜனாதிபதி பதவியின் முக்கிய அதிகாரங்களை 2010-லேயே அரசியல் சட்டத் திருத்தம் பிடுங்கிவிட்டது. பல்லைப் பிடுங்கிய பதவியில் ஒரு பல் டாக்டர். இந்த நகைச்சுவைக்கு நானே பொறுப்பு.

ஜூன் 11, பகல் 1.30

அமெரிக்க காங்கிரஸ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஐடஹோவின் மைக் சிம்ப்சன் 1999 முதல் இருக்கிறார். அவருடைய அப்பாவும் பல் டாக்டர். சிம்ப்சன் நகரசபையில் தொடங்கி மேலே போனவர். 2015-இல் அவர் முன்னின்று நிறைவேற்றிய வனப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரில் வரும் இடம் "சாடூத்", ரம்பப் பல்! அரிசோனாவின் பால் கோசார் 25 வருடம் பல் பார்த்தவர். 2018-இல் அவரோடு பிறந்தவர்களில் ஆறு பேர் எதிர் வேட்பாளரை ஆதரித்து விளம்பரத்தில் பேசினார்கள். என் சங்கத் தேர்தலில் என் தம்பிக்கு ஓட்டு இல்லை, இருந்திருந்தால் பன்னிரண்டு ஓட்டில் தோற்றிருப்பேன்.

லெஸ்டர் ஹன்ட் பற்றிச் சுருக்கமாக எழுத முடியாது. வயோமிங்கில் லேண்டர் என்ற சிற்றூருக்கு பேஸ்பால் ஆட வந்தவர், பிறகு படித்து அங்கேயே பல் டாக்டர் ஆனார். மாநிலச் செயலர், ஆளுநர், 1949-இல் செனட்டர். அந்த மாநில வண்டிகளின் எண் பலகையில் இன்றும் துள்ளும் குதிரைச் சின்னம் அவர் போடச் செய்தது. மகன் மீது வந்த ஒரு வழக்கை ஊர் முழுக்கப் பரப்புவோம், மறுபடி தேர்தலில் நிற்காதே என்று எதிர்க்கட்சி செனட்டர்கள் மிரட்டினார்கள். 1954 ஜூன் 19-இல் தன் செனட் அலுவலகத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். ஊரில் கிளினிக்கோடு இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் அப்படி நினைத்தாரா என்பது வேறு விஷயம்.

ஜூன் 12, இரவு 9.20

மனம் கனத்துப் போனது என்று ஒருவர் எழுதினார். அவருக்காக என் பிரியமான ஆளைக் கடைசிக்கு வைத்திருந்தேன்: ரஃபியுதீன் அகமது. 1915-இல் அமெரிக்காவில் ஐயோவாவில் பல் மருத்துவம் முடித்து, கல்கத்தா திரும்பி, 1920-இல் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பணத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்று ஒரு சோடாக் கடை போட்டு, அந்த வருமானத்தில் கல்லூரியை நடத்தினார். முன்வாசலில் சர்க்கரைத் தண்ணீர், பின்வாசலில் சொத்தைப் பல் பாடம். இதைவிடக் கச்சிதமான வணிகத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

கல்கத்தா மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தார். 1949-இல் கல்லூரியை மாநில அரசுக்கே கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் மேற்கு வங்க முதல்வர் பி.சி. ராயின் அமைச்சரவையில் சேர்ந்தார். விவசாயம், கூட்டுறவு என்று பல்லுக்குச் சம்பந்தமில்லாத துறைகள். 1964-இல் பத்மபூஷண். அவர் பிறந்த டிசம்பர் 24-ஐத்தான் இந்தியாவில் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

வரிசையைக் கவனியுங்கள். கையிலிருந்த வேலையை முழுசாக முடித்து, ஒப்படைத்துவிட்டு, பிறகு போயிருக்கிறார். எனக்கு அந்த வரிசை தெரிந்திருக்கவில்லை.

ஜூன் 12, இரவு 9.50

ஜகனுக்குத் திரும்ப வருகிறேன், முதல் நாள் அவசரத்தில் பாதியில் விட்டேன். அவர் அரசை 1953 அக்டோபர் 9-இல் கலைத்தார்கள். அடுத்த வருடம் சிறை. 1957-இலும் 1961-இலும் திரும்ப ஜெயித்தார், 1964-இல் பதவி போனது. பிறகு 28 வருடம் எதிர்க்கட்சி வரிசை. கடைசியில் ஜனாதிபதியாகப் பதவி ஏற்ற நாள் 1992 அக்டோபர் 9. அதே தேதி, 39 வருடம் கழித்து. 1997 மார்ச்சில் பதவியிலிருக்கும்போதே இறந்தார்.

முதல் கேள்வி கேட்ட நண்பர் நாலு நாளாகச் சத்தமே இல்லை. கிளினிக் ஓடுகிறதோ என்னவோ.

ஜூன் 13, காலை 7.00

அவர் பல் டாக்டர் இல்லையாம், வக்கீலாம். கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அந்த நகைச்சுவையைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 15, இரவு 11.05

இன்னொரு திருத்தம், இது என் கணக்கில். ஜூன் 8-இல் அந்த அம்மாவின் பல் ஐந்து, ஆறு வாரம் தற்காலிக அடைப்போடு கிடந்தது என்று எழுதினேன். மனசு கேட்காமல் இன்று பழைய கேஸ் ஷீட் கட்டைப் பிரித்துத் தேடினேன். அடைப்பு வைத்த தேதியும் பிடுங்கிய தேதியும் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. போன் வந்தது இரண்டு தடவை அல்ல, நாலு தடவை, உதவியாளர் ஓரத்தில் குறித்திருக்கிறார்.

103 நாள். காம்போரா இரண்டு தடவை பதவி ஏறி இறங்கியிருக்கலாம், மிச்சம் ஐந்து நாள் ஓய்வும் எடுத்திருக்கலாம்.